பிள்ளையோடு வால்ஐ பிடிக்கப் போகுமுன்

ஒன்ராறியோவின் பெரும்பாலான ஏரிகளில் வால்ஐ மீனுக்கான பருவம் மே மாதத்தில் திறக்கிறது. ரொறன்ரோவுக்கு வடகிழக்கே உள்ள கவார்த்தா ஏரிகளில் மே மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை. இன்னும் வடக்கே போனால் பல இடங்களில் மூன்றாம் சனிக்கிழமை. ஊர்க்காரர்களும் தூண்டில் கடைக்காரர்களும் பிக்கரல் என்று சொல்வது இதே மீனைத்தான். பருவம் திறக்கும் சனிக்கிழமை விடியுமுன்பே படகுத்துறைகளில் வண்டிகள் வரிசைகட்டிவிடும். ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் இருந்து புறப்படும் தமிழ்க் குடும்பங்களும் அந்த வரிசையில் உண்டு. நாலைந்து வயதுப் பிள்ளை பின்னிருக்கையில் தூங்கிக்கொண்டு வரும். எந்த நாளில் போவது, எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது, பிடித்ததில் எதைச் சமைப்பது ஆகிய நான்கையும் அந்தப் பிள்ளையின் உடலை வைத்தே முடிவு செய்ய வேண்டும் என்பதுதான் இங்கே என் வாதம். பெரும்பாலான குடும்பங்கள் மீனை வைத்து முடிவு செய்கின்றன. சட்டம் பிள்ளைக்குத் தந்திருக்கும் உரிமைகள் நிதானமாகத் திட்டமிடப் போதிய இடம் தருகின்றன. ஆனால் சட்டம் கேட்கும் குறைந்தபட்சத்தைச் செய்துவிட்டால் பிள்ளை பத்திரம் என்று எண்ணிவிடக் கூடாது.

முதலில் தண்ணீர். மே நடுவில் நல்ல வெயில் நாளொன்றில் காற்று 20 பாகையைத் தாண்டிவிடும். குளிர்கால அங்கிகளைக் கழற்றி எறிந்துவிட்டுச் சட்டையோடு நிற்கத் தோன்றும். ஏரி அவ்வளவு சீக்கிரம் சூடேறாது. ஏப்ரலில்தான் பனிக்கட்டி கரைந்த ஏரி அது. தண்ணீர் அப்போது 10 பாகையைச் சுற்றித்தான் இருக்கும். 15 பாகைக்குக் கீழே இறங்கிய தண்ணீரை ஆபத்தான குளிர்நீர் என்று மீட்புப் பணியாளர்கள் கொள்கிறார்கள். மனிதோபா பல்கலைக்கழகத்தில் மனித உடல் குளிர்வதைப் பற்றி நெடுங்காலம் ஆய்வு செய்த கோர்டன் கீஸ்பிரெக்ட், இதை 1-10-1 என்று நினைவில் வைக்கச் சொல்கிறார். விழுந்தவருக்கு மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம்; கைகால்களைப் பயன்படும்படி அசைக்க 10 நிமிடம்; உடல் குளிர்ந்து நினைவு தப்பும்வரை 1 மணி நேரம். குளிரில் விறைத்து இறப்பதையே நாம் அஞ்சுகிறோம். ஆனால் பலர் அந்த ஒரு மணி நேரத்தை எட்டுவதே இல்லை. குளிர்நீர் தோலில் பட்டதும் நெஞ்சு தானாகவே ஒரு பெருமூச்சை உள்ளிழுக்கும். அந்த நொடியில் முகம் தண்ணீருக்குள் இருந்தால் உள்ளே போவது தண்ணீர். நீச்சல் தெரிந்தவருக்கும் இதுதான் நிலை. இத்தனையும் வளர்ந்தவர்களுக்கான கணக்கு. சிறு பிள்ளைக்கு எடையோடு ஒப்பிட்டால் தோல்பரப்பு அதிகம், கொழுப்பு குறைவு. வெப்பம் இன்னும் வேகமாகக் கரைந்துபோகும். அதே ஏரி ஜூன் பிற்பகுதியில் 20 பாகையை நெருங்கிவிடுகிறது. இந்த ஐந்தாறு வாரம் பொறுப்பதைப் போல மலிவான பாதுகாப்பு வேறெதுவும் இல்லை.

அடுத்தது லைஃப் ஜாக்கெட். படகில் ஏறும் ஒவ்வொருவருக்கும் அவரவர் அளவுக்கேற்ற, அங்கீகரிக்கப்பட்ட லைஃப் ஜாக்கெட் ஒன்று படகில் இருக்க வேண்டும் என்பது கனடாவின் கூட்டாட்சி விதி. படகில் இருப்பதற்கும் உடம்பில் இருப்பதற்கும் நடுவில்தான் உயிர்கள் போகின்றன. படகிலிருந்து விழுந்து மூழ்கி இறப்பவர்களில் பெரும்பாலோர் அதை அணியாதவர்கள். சட்டம் என்ன கேட்டாலும் சரி, படகுத்துறைப் பலகையில் கால் வைக்கும்போதே பிள்ளை அதை அணிந்திருக்க வேண்டும். பிள்ளைகளுக்கான ஜாக்கெட்டை எடை பார்த்துத்தான் வாங்க வேண்டும்: 9 முதல் 18 கிலோ, 14 முதல் 27 கிலோ, 27 முதல் 41 கிலோ என்று உள்ளே தைத்த சீட்டில் அச்சிட்டிருக்கும். அடுத்த வருடமும் ஆகட்டும் என்று ஒரு அளவு கூட்டி வாங்குவது பள்ளிக்கூடச் சட்டைக்குச் சரி; ஜாக்கெட் தளர்வாக இருந்தால் தண்ணீரில் அது மேலே போகும், பிள்ளை கீழே போகும். கடையிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஜிப்பையும் பட்டிகளையும் மாட்டியபின் இரண்டு தோள்பட்டைகளையும் பிடித்து மேலே இழுங்கள்; துணி காதைத் தொட்டால் அது பெரிது. சின்னப் பிள்ளைக்குத் தலையைத் தாங்கும் பெரிய கழுத்துப்பட்டி, கால்களுக்கிடையே வரும் பட்டி, பின்கழுத்தில் பிடித்துத் தூக்க ஒரு கைப்பிடி மூன்றும் வேண்டும். காற்று நிரம்பி விரியும் வகை சிறுவர்களுக்கு ஆகாது. 9 கிலோ எடை வராத கைக்குழந்தைக்கு நம்பத்தகுந்த அளவே கிடையாது. அந்தக் குழந்தை கரையில் இருக்கட்டும்.

இதற்கு நம்மவர்கள் சொல்லும் மறுப்பு ஒன்று உண்டு. பருத்தித்துறையிலும் வல்வெட்டித்துறையிலும் நாகப்பட்டினத்திலும் கடலோடு வளர்ந்தவர்கள் நாங்கள், ஜாக்கெட்டா போட்டு நீந்தினோம் என்று கேட்பார்கள். அந்த அனுபவம் உண்மையானது. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு எண்ணமில்லை. ஆனால் அந்தக் கடல் வருடம் முழுவதும் 25 பாகைக்கு மேலே இருக்கும் கடல். அங்கே உடம்பு கற்றுக்கொண்டது எதுவும் 10 பாகைத் தண்ணீரின் முதல் நிமிடத்தில் உதவாது. அதோடு, கடலோரத்தில் வளர்ந்தவர் அப்பாவாகவோ அம்மாவாகவோ இருக்கலாம். ஸ்காபரோவில் பிறந்த பிள்ளை அப்படி வளரவில்லை. கனடாவில் பிறந்தவர்களைவிடப் புதிதாகக் குடியேறியவர்களில் நீச்சல் தெரியாதவர்கள் நான்கு மடங்கு அதிகம் என்று உயிர்காப்புச் சங்கம் நடத்திய ஆய்வு கண்டது. அதே சங்கம் பள்ளிகள் வழியாக நடத்தும் ‘உயிர்பிழைக்க நீச்சல்’ திட்டம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மூன்று காரியங்களைச் சொல்லித்தருகிறது: ஆழத் தண்ணீருக்குள் உருண்டு விழுந்து மேலே வருவது, ஒரு நிமிடம் மிதந்து நிற்பது, 50 மீட்டர் நீந்துவது. உங்கள் பிள்ளையின் பள்ளியில் அது உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் நகரசபை நீச்சல் குளங்களின் வகுப்புகளுக்குக் குளிர்காலத்திலேயே பதிந்துவிடலாம். ஏரிப் பயணத்தின் முதல் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

பருவம் திறக்கும் நாளில்தானே மீன் கிடைக்கும், ஜூனில் போய் என்ன பிடிப்பது என்ற கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. வால்ஐ வசந்தத்தில் சரளைக்கல் மேட்டிலும் அணைக்கட்டுக்குக் கீழே ஓடும் தண்ணீரிலும் முட்டையிடும். பருவம் திறக்கும்போது பல மீன்கள் அந்த இடங்களைவிட்டு விலகியிருக்காது. ஆகவே தேடும் வேலை குறைவு. ஜூனில் அவை பாசி அடர்ந்த திட்டுகளின் விளிம்புக்கும் பாறை முனைகளுக்கும் போய்விடும். ஆனால் அப்போது தண்ணீர் சூடேறியிருப்பதால் அவை நன்றாகத் தின்னும். வால்ஐயின் கண்ணுக்குள், சிறு வெளிச்சத்தையும் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று உண்டு. மங்கல் ஒளியில் மற்ற மீன்களைவிட அதற்கு நன்றாகத் தெரியும். அதனால் அது கரைப்பக்கம் வருவது அந்தியிலும் விடியலிலும்தான். மேகம் மூடிய நாளிலும், காற்று ஏரியைக் கலக்கி அலை எழுப்பும் பகலிலும்கூட வரும். ஜூன் பிற்பகுதியில் கவார்த்தா பக்கம் சூரியன் மறைய இரவு 9 மணி ஆகிறது. பிள்ளையின் தூக்க நேரமும் மீனின் பசி நேரமும் மோதுவது இங்கேதான். பெரியவர்கள் 11 மணிவரை நின்றால் நிறையப் பிடிக்கலாம். ஆனால் இருட்டில், ஈரமான பாறையில், தூக்கக் கலக்கத்தில் நிற்கும் பிள்ளையை யாரும் சரிவரக் கவனிக்க முடியாது. ஆறரை மணிக்குத் தொடங்கி எட்டரைக்கு முடித்துவிடுங்கள். ஒருவேளை வால்ஐ ஒன்றுகூட வராமல் போகலாம். மிதவையும் மண்புழுவும் இருந்தால் சூரியமீனும் மஞ்சள் பெர்ச்சும் வரும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு மிதவை உள்ளே இழுபடுவதுதான் திருவிழா, மீனின் பெயர் அதற்குப் பொருட்டில்லை. பாஸ் மீனுக்கு மட்டும் கவனம் தேவை: அதன் பருவம் தெற்கு ஒன்ராறியோவின் பல வலயங்களில் ஜூன் பிற்பாதியில்தான் திறக்கிறது. அதற்கு முன் தற்செயலாகச் சிக்கினால் உடனே விட்டுவிட வேண்டும். விட்டுவிடுவோமே என்று வேண்டுமென்றே அதைத் தேடிப் பிடிப்பதும் குற்றம்தான்.

படகு எடுப்பதாக இருந்தால் மோட்டார் வைத்த எந்தப் படகையும் ஓட்டுபவரிடம் படகோட்டி அட்டை இருக்க வேண்டும். 2009 முதல் இது எல்லா வயதினருக்கும் பொருந்தும். வாடகைப் படகுக்கு அட்டை இல்லாதவரும், கடைக்காரர் பாதுகாப்பு விவரங்களை ஒவ்வொன்றாக விளக்கி இருவரும் கையெழுத்திடும் பட்டியலைக் கொண்டு ஓட்டலாம். அந்த விளக்கம் உங்கள் உரிமை; கூட்டம் நிற்கிறது என்று அவர் அவசரப்படுத்தினாலும் முழுவதையும் கேளுங்கள், உங்கள் பிள்ளையின் எடைக்கு ஜாக்கெட் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் படகை எடுக்காதீர்கள். படகில் பியர் வேண்டாம். நிலையான படுக்கையும் சமையல் வசதியும் கழிப்பறையும் கொண்டு நங்கூரமிட்டோ கட்டியோ நிற்கும் படகு தவிர வேறெதிலும் குடிப்பது ஒன்ராறியோவில் சட்டவிரோதம். போதையில் படகு ஓட்டிப் பிடிபட்டால் பறிபோவது கார் ஓட்டும் உரிமமும்கூட.

இனி உரிமம். கனடாவில் வசிக்கும் 18 வயதுக்குட்பட்டவர்களும் 65 வயதானவர்களும் அதற்கு மேற்பட்டவர்களும் ஒன்ராறியோவில் உரிமம் வாங்காமலே மீன் பிடிக்கலாம். பெயரும் பிறந்த தேதியும் காட்டும் அரசு அடையாள அட்டை ஒன்றைக் கூடவே வைத்திருக்க வேண்டும். பிள்ளைக்கு இது முழு உரிமை. வளர்ந்தவர் விளையாட்டு உரிமத்தில் எடுத்துப்போகக்கூடிய அதே எண்ணிக்கை பிள்ளைக்கும் உண்டு. இதை நம் வீடுகளில் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். பிள்ளையின் எண்ணிக்கை பிள்ளை பிடித்ததற்கு மட்டுமே. அப்பா தனக்கு அனுமதித்த நான்கு வால்ஐயைப் பிடித்துவிட்டு, தூங்கும் மகளின் பெயரில் ஐந்தாவதை ஐஸ் பெட்டியில் போட முடியாது. மகளுக்கென்று இரண்டாவது தூண்டிலைத் தானே வீசிப் பார்த்துக்கொண்டிருக்கவும் முடியாது. அம்மம்மாவும் அப்பப்பாவும் யாழ்ப்பாணத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ பார்க்க வந்திருந்தால் 70 வயதானாலும் இந்த விலக்கு அவர்களுக்கு இல்லை. அது கனடாவில் வசிப்பவர்களுக்கானது. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த சின்னப் பேரப்பிள்ளை உரிமம் வைத்திருக்கும் ஒருவரோடு சேர்ந்து பிடிக்கலாம். அப்போது பிள்ளை பிடித்து வைத்துக்கொள்வது அவருடைய எண்ணிக்கையில் சேரும். உரிமம் இல்லாத பெற்றோருக்கு நல்ல வாய்ப்பு ஒன்றும் இருக்கிறது. அன்னையர் தின வார இறுதி, தந்தையர் தின வார இறுதி, ஜூலைத் தொடக்கத்தை ஒட்டி வரும் குடும்ப மீன்பிடி வாரம் ஆகிய நாட்களில் கனடாவில் வசிக்கும் எவரும் உரிமமின்றிப் பிடிக்கலாம். அப்போது விளையாட்டு உரிமத்தின் எண்ணிக்கை அல்ல, அதைவிடக் குறைவாக எடுத்துப்போக அனுமதிக்கும் பாதுகாப்பு உரிமத்தின் எண்ணிக்கையே பொருந்தும். தந்தையர் தினம் ஜூன் மாதத்தின் மூன்றாம் ஞாயிறு. தண்ணீர் சூடேறியிருக்கும், செலவும் இல்லை. முதல் பயணத்துக்கு இதைவிடப் பொருத்தமான வார இறுதி எனக்குத் தெரியவில்லை.

எண்ணிக்கையைவிட நீளத்தில்தான் குடும்பங்கள் சிக்கிக்கொள்கின்றன. ஒன்ராறியோ 20 மீன்வள வலயங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. வலய விதிக்குள்ளேயே தனித்தனி ஏரிகளுக்கு விலக்குகள் வேறு. கவார்த்தா ஏரிகள் அடங்கிய 17ஆம் வலயத்தில் 35 முதல் 50 சென்டிமீட்டர் வரையான வால்ஐயைத்தான் வைத்துக்கொள்ளலாம். நிப்பிசிங் ஏரியிலோ 2014இல் வந்த விதி 46 சென்டிமீட்டருக்குக் குறைந்ததை வைத்துக்கொள்ளத் தடை விதித்தது. ஆக, 40 சென்டிமீட்டர் மீன் ஓரிடத்தில் இரவுச் சாப்பாடு, இன்னோரிடத்தில் அபராதம். ரொறன்ரோவிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் ஸ்கூகொக் ஏரியில், வால்ஐ குறைந்துபோனதால் 2016இல் அதைப் பிடிப்பதே முற்றாக மூடப்பட்டது. போன வருடம் நண்பர் சொன்னதை நம்பிப் போகாமல், புறப்படும் வாரத்தில் மாகாணத்தின் மீன்பிடி விதித்தொகுப்பில் வலயத்தையும் ஏரியின் பெயரையும் தேடிப் பாருங்கள். அளக்கும்போது மீனின் வாயை மூடி, வாலின் இரண்டு இதழ்களையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை பார்க்க வேண்டும். பிள்ளையிடம் அளவுகோலைக் கொடுங்கள். ஆனால் மீனைப் பெரியவர் பிடித்துக்கொள்ளட்டும். வால்ஐயின் முன் முதுகுத்துடுப்பில் ஊசிபோல முட்கள், செவுள் மூடியின் விளிம்பில் கத்தி போன்ற கூர்மை, வாயில் உள்வளைந்த பல். சின்ன உள்ளங்கைக்கு மூன்றுமே ஆகாது. வீடு போய்ச் சேரும்வரை நீளத்தை அளக்க முடியாதபடி மீனைத் துண்டு போடவும் கூடாது. உயிருள்ள சிறு மீன், அட்டை ஆகியவற்றை இரையாக, இரைக்கெனத் தனியாக வகுத்த ஒரு வலயத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோக 2022 முதல் தடை. பிள்ளையோடு போகும்போது மண்புழுவே போதும், தொல்லையும் இல்லை.

பருவம் மூடியிருக்கும் நாளில், உங்களுக்குத் தடையான இடத்தில், முதற்குடி மக்கள் மீன் பிடிப்பதை நீங்கள் பார்க்க நேரலாம். அது அவர்களது ஒப்பந்த உரிமை. கவார்த்தா பகுதியில் வில்லியம்ஸ் ஒப்பந்தச் சமூகங்களின் அந்த உரிமை 2018 உடன்படிக்கையில் மீண்டும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. பிள்ளை கேட்டால் அதைச் சரியாகச் சொல்லிக்கொடுங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில்தான் பிள்ளையின் உடல் தனிக்கணக்கு கேட்கிறது. வால்ஐ மற்ற மீன்களைத் தின்று வாழும் மீன். வயதும் நீளமும் கூடக் கூட அதன் சதையில் பாதரசம் கூடும். பாதரசம் சதையோடு பிணைந்திருப்பதால் பொரித்தாலும் குழம்பு வைத்தாலும் போகாது, தோலையும் கொழுப்பையும் நீக்கினாலும் போகாது. வளரும் மூளையையும் நரம்பையும்தான் அது முதலில் தாக்குகிறது. இதை வெறும் எச்சரிக்கை வாசகமாக எடுத்துக்கொள்ள ஒன்ராறியோவின் வரலாறு இடம் தராது. 1962க்கும் 1970க்கும் இடையில் ட்ரைடன் ஊரின் காகித ஆலை ஒன்று சுமார் 9 டன் பாதரசத்தை வாபிகூன் ஆற்றில் கலந்தது. கீழே வாழ்ந்த கிராசி நரோஸ், வாபசீமூங் முதற்குடி மக்களுக்கு வால்ஐதான் உணவு. வெளியூரிலிருந்து வந்தவர்களுக்குத் தூண்டில் வழிகாட்டிகளாக உழைப்பதும் வணிக மீன்பிடிப்பும்தான் வருமானம். 1970இல் அந்த மீன்பிடிப்பு மூடப்பட்டது. நட்டஈட்டு ஏற்பாடு வர 1980களின் நடுப்பகுதி ஆயிற்று. பாதிப்பு பேரப்பிள்ளைகள்வரை தொடர்கிறது. கவார்த்தா ஏரிகள் அந்த ஆறு அல்ல. ஆனால் எந்த ஏரியில் எந்த மீன் எந்த நீளத்தில் மாதத்துக்கு எத்தனை வேளை சாப்பிடலாம் என்று மாகாண அரசு ‘ஒன்ராறியோ மீன் உணவு வழிகாட்டி’யில் இலவசமாகப் போட்டிருக்கிறது. அதில் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும் கர்ப்பம் தரிக்கக்கூடிய பெண்களுக்கும் தனி அளவு உண்டு. பொது அளவைப் பார்த்துவிட்டுப் பிள்ளைக்குப் பரிமாறக் கூடாது. அந்தக் கணக்கு முள்ளும் தோலும் நீக்கிய சதைத் துண்டுக்கானது. தலையைக் குழம்பில் போடுவதும் சினையையும் ஈரலையும் பொரிப்பதும் நம் வழக்கம். உள்ளுறுப்புகளைப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்.

மீன் நல்ல உணவு, மூளைக்கு நல்லது என்றுதானே மருத்துவர்களும் சொல்கிறார்கள், பயமுறுத்தி அதையும் நிறுத்திவிட வேண்டுமா என்று கேட்கலாம். நிறுத்த வேண்டியதில்லை, சிறியதைத் தேர்ந்தெடுத்தால் போதும். கவார்த்தாவில் விதி அனுமதிக்கும் மீன்களிலேயே 35 முதல் 40 சென்டிமீட்டர் மீன் பிள்ளையின் தட்டுக்கு; பெரியதைப் படமெடுத்துவிட்டு ஏரிக்கே விடலாம், முட்டையிடும் தாய் மீன்கள் பெரும்பாலும் அவைதான். நிப்பிசிங் போன்ற ஏரியில் விதியே பெரிய மீனை மட்டும் அனுமதிப்பதால் அங்கே வழிகாட்டியைப் பார்க்காமல் பிள்ளைக்குச் சமைக்கக் கூடாது. சட்டப்படி எடுத்துவந்த மீன் என்பதால் அது பிள்ளைக்கு எத்தனை முறையும் ஏற்றது என்று ஆகிவிடாது.

கரையில் கவனிக்க வேண்டிய சிறு ஆபத்துகளும் உண்டு. தூண்டில் முள்ளின் கொக்கியைக் குறட்டால் நசுக்கிவிட்டால் விரலில் ஏறினாலும் வந்த வழியே வெளியே வரும். கண்ணருகே குத்தியதை மட்டும் தொடாமல், அழுத்தாமல் மூடி அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். இதற்காகவே பிள்ளைக்கு வெயில் கண்ணாடியும் தொப்பியும் வேண்டும், மேகம் மூடிய நாளிலும். ஈயக் குண்டைப் பல்லால் கடித்து நூலில் இறுக்குவது பெரியவர்களின் பழைய பழக்கம். பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை அதையேதான் செய்யும். ஈயம் உடலுக்குள் போனால் பிள்ளைக்குத் தீங்கு பெரியவரைவிட அதிகம். தகரத்தில் செய்தது கடையில் கிடைக்கிறது. மே பிற்பகுதியிலும் ஜூன் தொடக்கத்திலும் கருப்பு ஈ காதோரத்தில் இரத்தம் வரக் கடிக்கும். 2 முதல் 12 வயதுவரை பூச்சி விரட்டியில் டீட் 10 விழுக்காட்டுக்கு மேல் வேண்டாம், நாளுக்கு மூன்று முறைக்கு மேலும் வேண்டாம். 6 மாதத்துக்கு மேற்பட்டவர்களுக்கு 20 விழுக்காடு வரையான இகாரிடின் ஏற்றது. இரவில் குளிப்பாட்டும்போது தலைமுடி, அக்குள், முழங்கால் மடிப்பு எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். கடித்திருந்தால் சிறு சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுத்துவிட்டு, மருந்துக்கடை மருந்தாளரிடமே ஆலோசனை கேட்கலாம். 811 எண்ணில் எந்நேரமும் செவிலியர் கிடைப்பார்.

எழுதத் தயங்கினாலும் எழுதியே ஆக வேண்டிய ஆபத்து ஒன்று மனிதர்களிடமிருந்து வருவது. 2007இல் ஒன்ராறியோவின் பல ஊர்களில், சிம்கோ ஏரிக் கரையிலும் கவார்த்தா பக்கத்திலும், ஆசிய முகம் கொண்ட தூண்டில்காரர்கள் தாக்கப்பட்டார்கள். சிலர் தண்ணீருக்குள் தள்ளப்பட்டார்கள். ஒன்ராறியோ மனித உரிமை ஆணையம் விசாரணை நடத்தி 2008இல் ‘அச்சமின்றி மீன் பிடிக்க’ என்ற அறிக்கையை வெளியிட்டது. ‘இவர்கள் விதியை மீறி அள்ளிக்கொண்டு போகிறார்கள்’ என்ற பேச்சுதான் பல இடங்களில் வசைக்கும் தாக்குதலுக்கும் சாக்காக இருந்தது. ஆகவே நம் உரிமை என்னவென்று பிள்ளையோடு போகுமுன் தெரிந்திருக்க வேண்டும். உரிமத்தையும் மீனையும் காட்டச் சொல்லும் அதிகாரம் மீன், வனவிலங்குப் பாதுகாப்பு அதிகாரிக்கும் காவல்துறைக்கும் மட்டுமே. பக்கத்தில் நிற்பவருக்கு இல்லை. முறைப்படி மீன் பிடிப்பவருக்கு இடையூறு செய்வது ஒன்ராறியோவின் மீன், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். தனியார் நிலத்திலோ தனியார் படகுத்துறையிலோ உரிமையாளர் போகச் சொன்னால் போய்விட வேண்டும். பொது இடத்தில் அப்படியல்ல. இதையெல்லாம் கிளப்பிப் பிள்ளைக்கு முன்னால் ஏன் வம்பு, பேசாமல் வந்துவிடலாமே என்பவர்களின் கவலை புரிகிறது. அந்த நொடியில் விலகி வருவதுதான் சரி. பிள்ளை இருக்கும்போது வாக்குவாதம் வேண்டாம், மிரட்டல் என்றால் வண்டிக்குள் போய் 911 அழையுங்கள். ஆனால் வீட்டுக்கு வந்தபின் பேசாமல் இருப்பது சரியல்ல. 2007இல் பலர் பேசியதால்தான் விசாரணையே வந்தது. இடம், நேரம், சொன்ன சொற்கள், வண்டி எண் ஆகியவற்றை அன்றிரவே எழுதி வைத்துக் காவல்துறையில் முறையிடுங்கள். வாடகைப் படகோ விடுதியோ கடையோ உங்கள் நிறத்தைப் பார்த்து மறுத்தால் அது மனித உரிமைத் தீர்ப்பாயத்துக்குப் போகும் வழக்கு. நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், மனித உரிமை சட்ட உதவி மையம் கட்டணமின்றி உதவும்.

பாதுகாப்பு அதிகாரி வந்தால் நிலைமை வேறு. அவர் ஐஸ் பெட்டியையும் படகையும் தூண்டில் பெட்டியையும் பிடியாணை இல்லாமலே சோதிக்கலாம். அடையாள அட்டையைக் காட்டச் சொல்லி நீங்களும் கேட்கலாம். பிள்ளை பிடித்த மீன் எது, நீங்கள் பிடித்தது எது என்று அவர் கேட்பார். இரண்டையும் வெவ்வேறு பையில் போட்டு வைத்திருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும். 12 வயதுக்குட்பட்ட பிள்ளையை மாகாணக் குற்றச் சட்டத்தின்கீழ் குற்றவாளியாக்க முடியாது. ஆனால் பிள்ளை விதிப்படி பிடிப்பதைக் கவனிக்க வேண்டியவர் கூட வந்த பெரியவர். குற்றச்சாட்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தால் அந்த இடத்தில் வாதாடாதீர்கள், கிழித்தெறியவும் வேண்டாம். 15 நாட்களுக்குள் மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்: அபராதத்தைக் கட்டுவது, அரசு வழக்குரைஞரைச் சந்தித்துப் பேசுவது, விசாரணை கேட்பது. அளவு தவறாகப் படித்த நேர்மையான பிழை என்றால் இரண்டாவது வழியில் அபராதம் குறைய வாய்ப்பு உண்டு. 15 நாள் கடந்துவிட்டால் நீங்கள் இல்லாமலே தீர்ப்பு எழுதப்படலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் சந்திப்போ விசாரணையோ கேட்கும்போதே அதையும் குறித்துவிடுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.